ஒட்டுப்போட்ட ஷாஃப்ட்

தட்டு உங்க மேல இடிக்குதுங்களா? சித்த அக்கட்ட நகத்திக்கறேன். மேல கம்பியில வெக்கலாம்னா கண்டக்டர் வேண்டாங்கறாரு, தேங்கா உருண்டு யார் தலையிலயாச்சும் விழுந்துருமாம். ஆமாங்க, சீர்த் தட்டுதான். பட்டுச்சேலை, மாலை, அஞ்சு வகைப் பழம். நீங்க பாக்கற பார்வை தெரியுது, நானே சொல்லிடறேன். சீர்த் தட்டு மண்டபத்துக்குள்ள போகும், மண்டபத்துல இருந்து திரும்பி வராது. அப்படித் திரும்பி வந்ததை எங்க சனத்துல எவனும் பாத்ததில்லை. இன்னைக்கு நான் பாத்துட்டேன்.

எம்பேரு சென்னியப்பனுங்க. சிங்காநல்லூர்ல வொர்க்‌ஷாப்பு. பழைய காரை வாங்கி, பிரிச்சு, புதுசாப் பண்ணிக் குடுக்கறது. இன்னைக்குப் பவானியில கல்யாணம் எங்கூடப் பொறந்த தங்கச்சி மகளுக்கு. தாய்மாமன் நான். மண்டபத்து வாசல்ல என்னைக் கையில தட்டோட நிறுத்திட்டாங்க.

காருங்களா? ஷெட்டுல ஆறு நிக்குதுங்க. ஒறம்பரை சனத்தோட ஒட்டுக்கா, ஒண்ணாப் போகலாம்னு வேன் புடிச்சுப் பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போனேன். வேன் இன்னும் அங்கதான் நிக்குது. பத்துப் பேரும் அங்கதான். அதை அப்பறம் சொல்றேன்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு ஆக்ஸிலுங்க. சிரிக்காதீங்க. காருக்குப் பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல குறுக்க ஒரு இரும்புக் குழாய் போகுமில்லீங்களா, நடுவுல பூசணிக்கா மாதிரி உருண்டையா, அதுதான். அதுக்குள்ள ரெண்டு தண்டு, அதுக்குப் பேரு ஷாஃப்ட். எஞ்சினோட பலம் பூராவும் கடைசியா அந்த ரெண்டு தண்டுலதான் வந்து நிக்கும்.

காண்டெசா தெரியுமுங்களா? நீள மூக்கு, அகலத் தோளு, அமெரிக்காக்காரன் வண்டி மாதிரி நிக்கும். ஒரு எஸ்டேட்டுல கோழி அடைச்சு வெச்சிருந்தாங்க அதுக்குள்ள. நான் இழுத்துட்டு வந்து, அந்தக் காலத்து சின்ன எஞ்சினைக் கழட்டிட்டு, ஜப்பான் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒண்ணை உள்ள எறக்குனேன். மூணு மடங்கு பலமுங்க. நான்னு சொல்றேன், வேலை செஞ்சது எந்தங்கச்சி புருசன் அர்த்தநாரி. ஷெட்டு என்னுது. யோசனை என்னுது. ஸ்பேனர் புடிச்சது அவன்.

இருவத்திரெண்டு வருசம் எங்கிட்ட இருந்தான். தெய்வானைன்னு என் தங்கச்சி பேரு, தெய்வான்னு கூப்புடுவோம். அவளைக் கட்டிக் குடுத்து, ஷெட்டுக்குப் பின்னாடி வீட்டுலயே குடியும் வெச்சேன். எங்கப்பன் கட்டுன வீடுதான், ஆனா பத்திரம் எம்பேர்ல இருக்குதுங்களே. கோகிலான்னு ஒரே பொண்ணு அவங்களுக்கு. எனக்குக் குழந்தை இல்லை. தோள்ல தூக்கி வளத்தேன். பொய்யின்னா அவளையே கேளுங்க. இப்பக் கேட்டா என்ன சொல்லுவாளோ, அது வேற.

அர்த்தநாரி மாப்ள வேலைக்காரன்தான். அதுல நான் குறை சொல்லமாட்டேன். வண்டி தெருமுனை திரும்பறப்பவே சத்தத்தைக் கேட்டு எந்தக் கியர்ப் பல்லு தேஞ்சிருக்குதுன்னு சொல்லிருவான். ஆனா வாய் பேசமாட்டான். பேசாத ஆளை நம்பக்கூடாதுங்க. மனசுக்குள்ளயே ஒவ்வொண்ணா அடுக்கி வெச்சிட்டே இருந்திருக்கறான், இருவத்திரெண்டு வருசமா.

எஞ்சினை எறக்கி முதநாள் ஓட்டிப் பாத்தோம். நாந்தான் ஓட்டுனேன். ஆக்ஸிலேட்டரை ஒரே அமுக்கு, பின்னாடி கடகடன்னு பாக்கு வெட்டற சத்தம். அவ்வளவுதான், நின்னு போச்சு. பிரிச்சா உள்ள பல்லெல்லாம் பொரி மாதிரி உதுந்து கெடக்குது. மாப்ள சொன்னான், "வண்டி மேல குத்தமில்லைங்க மச்சா. அந்தச் சின்ன எஞ்சினுக்குன்னு செஞ்ச ஆக்ஸில் இது. நாம முன்னாடி யானையைக் கட்டிட்டுப் பின்னாடி ஆட்டுக் கயித்துல புடிக்கறோம்."

நல்லாத்தான் சொன்னான். நான் வெளிய நாலு எடத்துல அதையே நான் சொன்னதாச் சொல்லிக்கிட்டேன். முதலாளி சொன்னா என்ன, வேலைக்காரன் சொன்னா என்ன.

உக்கடத்துல பழைய இரும்புக் கடையில தேடி, ஒரு பெரிய டீசல் ஜீப்போட பின் ஆக்ஸில் கொண்டாந்தான். கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா அகலம் நாலு அங்குலம் அதிகம். மாட்டுனா சக்கரம் ரெண்டும் மட்கார்டுக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். அப்ப என்ன பண்ணோணும்? குழாயை ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அங்குலம் வெட்டி, மறுக்கா நேரா ஒட்டோணும். அதை அவன் ஆறு நாள் பண்ணுனான். உள்ள ஒரு நேர்க்கம்பியை விட்டு, கொஞ்சம் வெல்டிங், ஆற விடறது, அளக்கறது, மறுபடி கொஞ்சம். நானும் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போயி, "ஏனுங்க மாப்ள, பொண்ணுக்கு மூக்குத்தியா குத்தறீங்க?"ன்னு கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை.

குழாய் ஆச்சு. தண்டு ரெண்டும் இப்ப நீளம் ஜாஸ்தி. அதுக்குத்தான் சண்டையே.

மாப்ள என்ன சொல்றான்னா, பழைய தண்டு வேண்டாம், நல்ல ஸ்டீலுல புதுசாக் கடையோணும், நுனியில பல்லு வெட்டோணும், அப்பறம் சூட்டுல போட்டுக் கெட்டிப்படுத்தோணும். கணபதியில பக்கீர் ராவுத்தர்னு லேத்துக்காரர் ஒருத்தரு, அவருகிட்டக் குடுத்துட்டு வந்துட்டான். பத்து நாளாகுமுன்னாரு. பத்து பதினஞ்சாச்சு. சூடு போடற எடத்துல கூட்டம், வரிசையில நிக்குதுங்கறாரு.

எனக்கு நாள் இல்லைங்க. ஆடி மாசம் மூணாம் ஞாயித்துக்கெழமை பந்தயம். ஊருக்கு வெளிய ஒரு பழைய விமான ஓடுதளம், பழைய கார் வெச்சிருக்கறவங்க சங்கம் ஒண்ணு, ரெண்டு ரெண்டு வண்டியா நிறுத்திக் கால் மைல் வுடுவாங்க. நான் ஃப்ளெக்ஸே வெச்சுட்டேன், கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, காண்டெசா மேல கை வெச்சு. எனக்கு எதிர் வண்டி ஒரு எஸ்டேட் முதலாளியோடது. நிஜமான அமெரிக்க வண்டி, எட்டு சிலிண்டர், அவங்க தாத்தன் காலத்துல கப்பல்ல வந்தது. போன வருசம் சங்கத்து விருந்துக்கு நான் போனப்ப அந்தாளு என்ன சொன்னான் தெரியுமுங்களா? "மெக்கானிக் வந்திருக்காப்ல, ஒரு நாற்காலி போடுங்கப்பா"ன்னான். அத்தனை பேரு முன்னாடி. ஆறு கார் வெச்சிருக்கறவன் நான். மெக்கானிக்குங்கறான். ஒரு மனுசனை நாலு பேரு முன்னாடி எறக்கிப் பேசுனா அது எத்தனை நாளைக்கு உறுத்தும்னு பேசறவனுக்குத் தெரியறதே இல்லைங்க.

அதனால நான் ஒரு முடிவு எடுத்தேன். ஜீப்போட பழைய தண்டு ரெண்டையும் நடுவுல வெட்டி, வேண்டிய அளவுக்குக் குறைச்சு, ஒட்டுப் போடச் சொல்லிட்டேன். மாப்ளகிட்டச் சொல்லலை. அவன் கணபதிக்குப் போயிருந்தப்ப வேற வெல்டரை வெச்சு ஒரே நாள்ல முடிச்சேன். மேல அரம் போட்டு, பெயின்ட் அடிச்சு, ஒட்டு எங்கன்னு எனக்கே தெரியாத மாதிரி.

அவன் வந்தான். பாத்தான். விரலை வெச்சு ஒரு தடவு தடவுனான், பெயின்ட்டு மேலயே. ஒட்டு இருந்த எடத்துல வந்து விரல் நின்னுச்சு.

"இது முறுக்குத் தாங்காதுங்க மச்சா."

"தாங்கும். கால் மைல்தானே?"

"கால் மைல்லதான் போகும். சும்மா ரோட்டுல ஓட்டுனா ஒரு மாசம் ஓடும். நின்ன எடத்துல இருந்து முழுசா அமுக்குனீங்கன்னா, அந்த ஒரு முறுக்குல அந்துரும். சக்கரம் தண்டோட வெளிய வந்துரும்."

சொல்லிட்டு, தண்டு மேல சுண்ணாம்புக் கட்டியில பெருக்கல் குறி போட்டுட்டுப் போனான். நான் துணியை எடுத்துத் தொடைச்சுட்டு மாட்டச் சொல்லிட்டேன். அவன் மாட்டலை. மத்த ஆளுங்கதான் மாட்டுனாங்க.

சனிக்கெழமை நானே ஓட்டிப் பாத்தேன், பைபாஸ் வரைக்கும். நல்லாத்தான் போச்சு. நல்லாத்தானுங்க போச்சு. அறுவது தாண்டுனா பின்னாடி இருந்து லேசா ஒரு ஊங்காரம் வரும். பாயிக்கு அடியில வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி. எல்லா வண்டியிலயும் ஏதாச்சும் ஒரு சத்தம் இருக்கும். நான் யாருகிட்டயும் சொல்லலை. சொல்ல என்ன இருக்குது?

ஞாயித்துக்கெழமை காலையில எந்திரிக்கறேன், எனக்குத் தோள்பட்டை புடிச்சுக்கிச்சுங்க. வலது தோள். தூக்க முடியலை. நான் பொய் சொல்லலைங்க, இப்பக்கூட மழைக்காலத்துல இழுக்கும். ஃப்ளெக்ஸ்ல என் படம் இருக்குது, நான் ஓட்டறதாப் பேரு குடுத்திருக்குது. என்ன பண்றது? தோள் புடிச்சவன் ஸ்டியரிங் புடிக்க முடியுமா? அப்ப எங்கிட்ட நல்லா ஓட்டற கை யாரு? மாப்ளதான்.

கேட்டேன். ஓடுதளத்துல, வண்டி வரிசையில நிக்கறப்ப. மாட்டேன்னுட்டான்.

"நீங்களும் ஓட்டாதீங்க மச்சா. பந்தயத்துல இருந்து பேரை எடுத்துக்கலாம். அடுத்த வாரம் நல்ல தண்டு வந்துரும்."

மெதுவாத்தான் சொன்னான், ஆனா பக்கத்துல நின்னவங்க திரும்பிட்டாங்க. அந்த எஸ்டேட்காரன் தொப்பியைத் தூக்கிவிட்டு என்னைப் பாக்கறான். "என்ன மெக்கானிக், வண்டி வருமா வராதா?"ன்னு கேட்டான்.

எனக்குக் கண்ணு இருட்டிக்கிச்சு. அதுக்கு மேல நான் பேசுனதை எல்லாரும் பெருசாச் சொல்றாங்க. நான் என்ன சொன்னேன்? "ஏன்டா, வீட்டோட மாப்பிள்ளைக்கு உசுரு அவ்வளவு கெட்டியா?"ன்னேன். "இருவத்திரெண்டு வருசம் என் சோத்தைத் தின்னவன் ஒரு கால் மைல் ஓட்டமாட்டியா?"ன்னேன். அன்னைக்குக் குடும்பம் குடும்பமா வந்திருந்தாங்க. தெய்வாவும் கோகிலாவும் தூக்குப்போசியில கட்டுச்சோறு கொண்டாந்து நின்னுட்டிருந்தாங்க. நான் தெய்வாவைக் கூப்புட்டேன். "அம்மிணி, உன் வளையலைக் கழட்டிக் குடு. உம்புருசன் போட்டுக்கட்டும். நீ வந்து வண்டியை ஓட்டு"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. விளையாட்டுக்குச் சொல்றதுதானுங்க. மச்சான் மாப்ளைக்குள்ள கேலி இல்லாம இருக்குமா? எஸ்டேட்காரன்கூடச் சிரிச்சான். அன்னைக்கு அவன் என் பேச்சுக்குச் சிரிச்சது அது ஒருவாட்டிதான்.

தெய்வா சிரிக்கலை. அவன்கிட்டப் போயி, "வாங்க, நாம வீட்டுக்குப் போயிரலாம்"னு சட்டையைப் புடிச்சு இழுத்தா. போயிருக்கலாம். யாரு தடுத்தா? நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "எந்த வீட்டுக்கு?"ன்னேன்.

அவன் தெய்வாவைப் பாக்கலை, கோகிலாவைப் பாத்தான். பத்தொம்பது வயசுப் புள்ளை, அப்பனைப் பாத்து எல்லாரும் சிரிக்கவும் குனிஞ்சு நிக்குது. கையில கட்டியிருந்த வாட்சைக் கழட்டி அதுகிட்டக் குடுத்தான். வண்டியில ஏறுனான்.

நான் சன்னல்ல குனிஞ்சு, "முதல் கியர்லயே முழுசா அமுக்குங்க மாப்ள"ன்னேன். பாத்தீங்களா, மறுபடி மரியாதையாத்தான் பேசுனேன். எனக்குக் கோவம் நிக்காதுங்க.

கொடி எறங்குச்சு. ரெண்டு வண்டியும் சேந்தேதான் கெளம்புச்சு. அம்மாடி, அந்த ஒரு நொடி நீங்க பாத்திருக்கோணும். காண்டெசா மூக்கைத் தூக்கி, பின்னாடி உக்காந்து, அமெரிக்க வண்டியை விட அரை வண்டி நீளம் முன்னாடி! நான்தான் கத்துனேன், வேற யாரும் கத்தறதுக்கு முன்னாடி.

அப்பறம் படார்னு ஒரு சத்தம்.

வலது பக்கச் சக்கரம் தண்டோட கழண்டு வெளிய வந்து, வண்டிக்கு முன்னாடி தனியா ஓடுது. வண்டி பின்பக்கம் தரையில உக்காந்து, தீப்பொறி பறக்க ஒரு சுத்து சுத்தி, ரெண்டு பொரட்டு பொரண்டுச்சு. வலது பக்கமாக் கவுந்து நின்னுச்சு. ஓட்டற ஆளு அந்தப் பக்கம். அவனுக்குச் சன்னல்ல கையை வெச்சு ஓட்டற பழக்கம்.

எல்லாரும் ஓடுனாங்க. நானும் ஓடுனேன். இங்கதான் தெய்வா என்மேல பழி போடறா. அண்ணன் சக்கரத்துக்கிட்ட ஓடுனாரு, வண்டிக்கிட்ட ஓடலைங்கறா. நீங்க யோசிச்சுப் பாருங்க. வண்டிக்கிட்ட இருவது பேரு ஓடறாங்க. நான் போயி இருவத்தியொண்ணாவது ஆளா என்ன பண்றது? சக்கரம் புல்லுக்குள்ள கெடக்குது. தண்டுல ஒட்டு விட்டது பளிச்சுனு தெரியுது. ஆளாளுக்குக் கையில போனு. எவனாச்சும் படம் புடிச்சுப் போட்டான்னா முப்பது வருசப் பேரு போயிருமே! ஆளைத் தூக்க ஆளு இருக்குது, பேரைத் தூக்க நான்தான் இருக்கறேன். துணியைச் சுத்தி எடுத்து, நாங்க வந்த வேன்ல போட்டேன். மறுநாள் துண்டு துண்டா வெட்டி எடைக்குப் போட்டுட்டேன்.

வலது கையை முழங்கைக்கு மேல எடுத்துட்டாங்க. உசுருக்கு ஒண்ணுமில்லை.

நான் போகலைன்னு நினைக்காதீங்க. மூணாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆப்பிள் வாங்கிட்டு. கட்டுல்ல சாஞ்சிருந்தான். அந்த ராவுத்தரு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து ரொட்டியைப் பிச்சு ஊட்டிட்டிருந்தாரு. நான் சொன்னேன், "மாப்ள, விசனப்படாதீங்க. கையில்லாட்டி என்ன? ஷெட்டுல போன் எடுத்துப் பேசறதுக்கு ஒரு ஆளு வேணும். காது இருக்குதில்ல?" இப்படி எத்தனை பேரு சொல்லுவாங்க, சொல்லுங்க? அவன் என்னையே பாத்தான். அப்பறம் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

தெய்வா வராண்டாவுக்கு எங்கூட வந்தா. "அண்ணா, அது ஒட்டுப்போட்ட ஷாஃப்ட்டுங்களா?"ன்னு கேட்டா.

"இல்லை அம்மிணி, புதுசு"ன்னேன். நோயாளி வீட்டுல எதுக்கு மனசு நோகப் பேசறது?

போலீஸ் வந்து கேட்டாங்க. விபத்து, கை போயிருக்குது, கேக்கத்தானே செய்வாங்க. தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாரு, நீங்க ஓட்டச் சொன்னீங்கன்னா கேஸ் உங்க மேல வரும், கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான்னு எழுதிக் குடுங்க, ரெண்டு பேருக்கும் தொந்தரவில்லைன்னு. எழுதிக் குடுத்தேன். "வண்டி சரியில்லை, ஓட்டக்கூடாதுன்னு நான் சொல்லியும் கேக்காம, என் மைத்துனர் அர்த்தநாரி போதையில எடுத்துட்டுப் போனாரு." போதைங்கறது அவரு சேக்கச் சொன்னது. மாப்ள டீகூட ஒரு நேரம்தான் குடிப்பான், அது எனக்குத் தெரியும். ஆனா காகிதத்துல ஒரு வலு வேணுமில்லீங்களா?

அந்தக் காகிதம் எப்படியோ தெய்வா கைக்குப் போயிருச்சு. நான் ஷெட்டுல இருந்தேன். வந்து எம்முன்னாடி நின்னு, பூராவும் படிச்சா. சத்தமா. ஆளுங்கெல்லாம் வேலையை நிறுத்திட்டாங்க. படிச்சு முடிச்சு, மடிச்சு இடுப்புல சொருகிட்டுப் பின்னாடி வீட்டுக்குப் போனா. ஒரு மணி நேரத்துல பாத்திரம் பண்டத்தோட ராவுத்தர் வண்டியில ஏறிட்டாங்க. நான் வாசல்ல நின்னு, "போறவங்க சாவியைக் குடுத்துட்டுப் போகோணும்"னேன். எம்பேர்ல இருக்கற வீடு, கேக்கறதுல என்ன தப்பு? கோகிலாதான் வந்து சாவியைக் குடுத்துச்சு. கையில குடுக்கலை. கீழ வெச்சுட்டுப் போச்சு.

நாலு நாள் கழிச்சுக் கணபதியில இருந்து புதுத் தண்டு ரெண்டும் வந்து எறங்குது பாருங்க! என்ன சாமான்ங்க அது. தட்டுனா வெண்கல மணி மாதிரி பேசும். நான் காண்டெசாவை நிமுத்தி, தகரத்தைத் தட்டி எடுத்து, அதையே மாட்டிட்டேன். அடுத்த வருசம் அதே ஓடுதளத்துல நானே ஓட்டுனேன். எஸ்டேட்காரனைத் தாண்டுனேன். அவன் வந்து கை குடுத்தான், "மிஸ்டர் சென்னியப்பன்"னான். மூணு வருசமா ஒரு கீறல் இல்லை அந்தத் தண்டுல. மாப்ள சொன்ன ஸ்டீலுதான். அது வேற விசயம்.

அவங்க பவானிக்குப் போயிட்டாங்க. அங்க ஒரு ஷெட்டு போட்டுட்டானாம். இடது கையிலயே எல்லாம் பழகிட்டானாம். ரெண்டு ஆளை வெச்சுக்கிட்டு, இவன் காதை வெச்சுக் கேட்டுச் சொல்லுவானாம், அவங்க கழட்டுவாங்களாம். நான் சும்மா இருக்கலைங்க. பவானியில சாமான் கடை வெச்சிருக்கற ரெண்டு பேரு எனக்குப் பழக்கம். போனைப் போட்டு, போலீஸ் காகிதத்துல இருக்கறது இன்னதுன்னு சொன்னேன். நம்ம கடமை, சொல்லிட்டேன். அவங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? அவங்க வண்டியையே அவன்கிட்ட விடறாங்க இப்ப. கோயமுத்தூர்ல இருந்து என் பழைய பார்ட்டிங்க நாலு பேரு எழுவது மைல் இழுத்துட்டுப் போறாங்க. கையில்லாதவன்னு ஒரு இரக்கம். எனக்கு ரெண்டு கையும் இருக்கறது ஒரு குத்தமாப் போச்சு.

அப்பறம் இந்தக் கல்யாணம். பத்திரிகை வரலை. எம்பேரை அச்சடிக்கலை. தாய்மாமன் பேரில்லாத பத்திரிகை! எங்க பெரியப்பன் மகன் சுப்பணன்கிட்ட வந்ததை வாங்கிப் பாத்தேன். சரி, அவங்கதான் மறந்துட்டாங்க, நாம மறக்கலாமான்னு சீரோட கெளம்புனேன். எனக்குப் பெரிய மனசுன்னு அந்தப் பத்துப் பேருமே வேன்ல வர்றப்பச் சொன்னாங்க.

வாசல்ல தெய்வா நின்னா. மூணு வருசத்துல நரைச்சுப்போச்சு. "வாங்ணா"ன்னா. அண்ணனுக்கு உண்டான மரியாதை அதுல குறையலை. "சாப்பிட்டுட்டுப் போங்க. சீர் மட்டும் வேண்டாம்"ன்னா.

"தாய்மாமன் நான் உசுரோட நிக்கறேன், வேற எவன் வெக்கறது சீரு?"

"அது காலையிலயே ஆச்சுங்ணா. ராவுத்தர் வெச்சாரு."

நம்ம சாதியில்லை, சனமில்லை, சாமிகூட ஒண்ணில்லை. லேத்துக்காரன்! தாய்மாமன் எடத்துல! "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா"ன்னேன்.

அவ குரலை உசத்தலை. "நீங்க வெக்கலாங்ணா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உள்ள உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி வந்து, அன்னைக்கு எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதையில்லை, கேக்காம எடுக்கலைன்னு. சொல்லிட்டுத் தட்டை நீங்களே எம்பொண்ணு கையில குடுங்க."

ஒரு வார்த்தைங்கறா. அவளுக்கென்ன, பொம்பளை. எழுதிக் குடுத்தது சட்ட விசயம். அதை மாத்துனா என் கதி என்ன? நான் அவளை ஒதுக்கிட்டு நேரா உள்ள போனேன். மாப்பிள்ளையோட அப்பா யாருன்னு கேட்டு, அவரு பக்கத்துல உக்காந்து, எல்லாத்தையும் சொல்லிட்டேன். போலீஸ்ல இருக்கற காகிதம், போதை, திருட்டுத்தனமா வண்டி எடுத்தது எல்லாத்தையும். என் மருமக நல்லாருக்கோணும்னுதானுங்க. பொண்ணெடுக்கற எடத்துல உண்மை தெரியோணுமில்ல?

அந்தாளு பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, "நிச்சயத்தன்னைக்கே அந்தக் காகிதத்தை எங்க கையில குடுத்துப் படிக்கச் சொன்னாருங்க அர்த்தநாரி சம்பந்தி. படிச்சுட்டுத்தான் பாக்கு வெத்தலை மாத்துனோம்"ன்னாரு. "பந்தி போட்டாச்சு. நீங்களும் உக்காருங்க"ன்னாரு.

என்ன மரியாதைங்க அது? போடான்னு சொல்லியிருந்தாலாவது நான் பதிலுக்கு ஏதாச்சும் கேட்டிருப்பேன்.

சரி, வந்ததுக்கு நாலு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம், நாலு பேரு பாக்கறாங்கன்னு உக்காந்தேன். தட்டைக் கீழ வெச்சுக்கிட்டேன். எங்கூட வந்த பத்துப் பேரும் வரிசையா உக்காந்தாங்க. இலை போட்டாங்க. தண்ணி தெளிச்சாங்க. சோறு போட்டுட்டு வர்றது யாருன்னு தலையைத் தூக்குனா, அர்த்தநாரி. வெள்ளைச் சட்டை. வலது கைப் பக்கம் துணியை மடிச்சு ஊக்குக் குத்தியிருந்தான். ஒரு பையன் முன்னாடி சோத்துக் கூடையைப் புடிச்சிட்டு வர்றான், இவன் இடது கையில கரண்டி. பொண்ணைப் பெத்தவன் தன் கையால பரிமாறோணும்னு ஒரு ஆசையாம்.

எம்முன்னாடி வந்து நின்னான். மூணு வருசம் கழிச்சுப் பாக்கறோம். ஏதாச்சும் பேசுவான்னு பாத்தேன். "சாப்பிடுங்க மச்சா"ன்னான். அதே குரல்தான். கரண்டியை நீட்டுனான்.

நீங்களே சொல்லுங்க, சுபகாரியத்துல இடது கையால சோறு போடலாமுங்களா? பொணத்துக்குக்கூட யாரும் அப்படிப் போடமாட்டாங்க. நான் இலையை ரெண்டு கையாலயும் மறைச்சுட்டேன். "வலது கை இருக்கற யாரையாச்சும் போடச் சொல்லு"ன்னேன்.

கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல. பந்தி பூராவும் நின்னு போச்சு. அந்தப் பக்கம் மணவறையில இருந்து கோகிலா மாலையோட எந்திரிச்சு நிக்குது. அவன் அசையலை. நீட்டுன கரண்டி நீட்டுனபடியே நிக்குது, ஆவி பறக்குது. சோறு கொஞ்சம் கரண்டியில இருந்து உதுந்து என் கை மேலயே விழுந்துச்சு. சுடச்சுட. அப்பறம் கரண்டியை மெதுவா எடுத்துட்டு, அடுத்த இலைக்குப் போயிட்டான்.

நான் எந்திரிச்சேன். தட்டை எடுத்துக்கிட்டேன். நான் எந்திரிச்சா எங்கூட வந்தவங்க எந்திரிக்கோணுமில்லீங்களா? அதுதானே வழக்கம்? வாசல் வரைக்கும் போயித் திரும்பிப் பாக்கறேன். பத்துப் பேருங்க. ஒருத்தன் எந்திரிக்கலை. குனிஞ்ச தலை நிமிரலை. அவன் அந்த இடது கையால போடப்போட, அள்ளி அள்ளித் தின்னுட்டிருக்கறாங்க. எங்க சுப்பணன் இருக்கறானே, எங்கூடவே ஒண்ணா வளந்தவன், அவன் இலையை முன்னாடி நகத்தி வெச்சு, "மாப்ள, எனக்கு இன்னொரு கரண்டி போடுங்க"ங்கறான்.